பிள்ளையின் படிப்புக்குப் பழைய கைபேசி வாங்குவது எப்படி?

கடைக்குப் போகும் முன், பிள்ளைக்கு அந்தக் கைபேசி எந்தெந்த வேலைக்குத் தேவை என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாடநூலை பி.டி.எஃப். வடிவில் படிப்பதும் கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை யூடியூபில் பார்ப்பதும்தான் தேவை என்றால், வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய கைபேசிக்குப் புது பேட்டரி போட்டாலே பெரும்பாலும் போதும். அதுவும் சரிவராதபோதுதான் வேறொன்று வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். 4 ஜி.பி. ரேமும் 64 ஜி.பி. சேமிப்பிடமும் இவ்வேலைகளுக்குத் தாராளம்; நல்ல கேமரா இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள்.

பிறர் பயன்படுத்திய கைபேசியைக் கையில் வாங்கியதும் *#06# என்று தட்டுங்கள். திரையில் தோன்றும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது அந்தக் கைபேசிக்கே உரிய தனி அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்ற வரிசையில் 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், கைபேசியின் நிறுவனமும் மாடலும் பதிலாக வரும். திருட்டுப் போனதாக முடக்கப்பட்டிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். கையில் இருப்பது ஒரு மாடலாகவும் பதிலில் வருவது வேறொன்றாகவும் இருந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த படியில்தான் நான் ஏமாந்தேன். என் மகளுக்காக ஒரு கடையில் வாங்கிய கைபேசியில் முந்தைய உரிமையாளரின் கூகுள் கணக்கு நீக்கப்படாமலே இருந்தது. அதைக் கவனிக்காமல், வீட்டுக்கு வந்து பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தி எல்லாவற்றையும் அழித்தேன். மீண்டும் திறந்தபோது, முன்பு இதில் இருந்த கணக்கின் கடவுச்சொல்லைக் கொடு என்று கேட்டு அப்படியே நின்றுவிட்டது. திருடியவர் பயன்படுத்த முடியாதபடி ஆண்ட்ராய்டில் வைத்திருக்கும் பூட்டு அது. ஆகவே, விற்பவரையே செட்டிங்ஸுக்குள் சென்று தம் கணக்கை நீக்கச் சொல்லி, பிறகு உங்கள் கண்ணெதிரே ரீசெட் செய்யச் சொல்லுங்கள். உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முகப்புத் திரை வரும்வரை பொறுத்திருந்து பார்த்த பின்பே பணத்தைக் கொடுங்கள். ரசீதில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை எழுதி வாங்குவதும் அவசியம்.

பின்மூடி சற்றே உப்பியிருந்தாலோ, திரையின் ஓரம் தூக்கியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அது தீப்பிடிக்கும் ஆபத்து உள்ளது என்பதால் அத்தகைய கைபேசியைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. சார்ஜர் முனையைச் செருகி லேசாக அசைத்துப் பார்த்து, இணைப்பு விட்டுவிட்டு வருகிறதா என்பதையும் கவனியுங்கள்.

வீட்டில் வைஃபையோ ஹாட்ஸ்பாட்டோ இருந்தால் இந்தக் கைபேசிக்குச் சிம் வேண்டியதில்லை, மாதாமாதம் இன்னொரு ரீசார்ஜ் செலவும் மிச்சம். வங்கிக் கணக்கோடு இணைந்த சிம்மை மட்டும் எக்காரணம் கொண்டும் இதில் போடாதீர்கள், ஓ.டி.பி. எல்லாம் பிள்ளையின் கைக்கே வந்து சேரும்.

கடைசியாக, பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்துத் தனிக் கூகுள் கணக்கு தொடங்குங்கள். 13 வயது நிரம்பாத பிள்ளை என்றால் பெற்றோரின் கணக்கோடு இணைத்தே அது தொடங்கப்படும். அதன்பின் ஃபேமிலி லிங்க் செயலியில், எந்தச் செயலியை நிறுவலாம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பார்க்கலாம், இரவு எத்தனை மணிக்குக் கைபேசி பூட்டிக்கொள்ள வேண்டும் என்பவற்றை உங்கள் கைபேசியிலிருந்தே வரையறுக்கலாம். வயதைக் கூட்டிக் கொடுத்துத் தொடங்கிய கணக்கில் இந்தப் பாதுகாப்புகள் தாமாக அமையாது.