பேடு மாற்றிய பிறகு பிரேக் கத்துகிறதா, பெடல் இறங்குகிறதா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

புது பிரேக் பேடு (டிஸ்க்கை உரசிப் பிடித்துக் காரை நிறுத்தும் கட்டை) போட்டுக் காரை வீட்டுக்கு எடுத்து வந்த அன்றே இரண்டு புகார்களில் ஒன்று கிளம்பும். பிரேக் பிடித்தால் கீச்சென்று கத்துகிறது, இல்லையென்றால் பெடல் மெத்தென்று இறங்குகிறது. உடனே பழி பேடின் மேல்தான் விழும்: "மட்டமான பேடு, வேற கம்பெனி போடு." அதுவும் கத்தினால் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை மாற்றுவார்கள், அதற்கும் அடங்காவிட்டால் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர். செலவு ஏறும், சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். வேலை செய்தவர் எதையெல்லாம் தொட்டார், எதைத் தொடாமல் விட்டார் என்று கேட்டுத் தொடங்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே பிடிபடும்.

கழற்றிய பழைய பேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பலரும் அதை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வருவதுதான் முதல் தவறு. ஒரே சக்கரத்தில் உள்பக்கப் பேடு வெளிப்பக்கத்தைவிட ரொம்பத் தேய்ந்திருந்தால், காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைட் பின்கள் இறுகிவிட்டன என்று சந்தேகப்படலாம். ஒரே பேடு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தாலும் சந்தேகம் அந்தப் பின்கள் பக்கமே போகும். அவற்றைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்காமல் புது பேடைச் சொருகியிருந்தால், அதுவும் அதே மாதிரி கோணலாகத்தான் தேயும்.

பெடல் இறங்கினால் காற்றா?

புது பேடு பழையதைவிடத் தடிமனாக இருக்கும். அதற்கு இடம் வேண்டும் என்பதால் காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் மாட்டுவார்கள். அதனால் முதல் சில மிதிகளில் பெடல் தரை வரை போவது இயல்பு. கார் நகர்வதற்கு முன்பே பெடல் இறுகும்வரை மிதித்துவிட வேண்டும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்துச் சுவரில் இடிப்பவர்கள் உண்டு. பழைய காராக இருந்தால் அடிவரை ஓங்கி மிதிக்காமல், பாதி ஆழத்துக்கு நிதானமாகப் பலமுறை மிதிப்பது நல்லது. பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சீல் வழக்கமாகப் போகாத, துருவும் அழுக்கும் படிந்த பகுதிக்குப் போனால் கிழிய வாய்ப்பு உண்டு.

அப்படி மிதித்த பிறகும் பெடல் மெத்தென்று இருந்தால் எல்லோரும் சொல்லும் காரணம் "ஏர் புகுந்திருச்சு". பேடு மட்டும் மாற்றியிருந்தால் காற்று புக வழியே இல்லை, ஏனென்றால் பிரேக் ஆயில் ஓடும் பாதையை யாரும் திறக்கவில்லை. பிஸ்டனைத் தள்ளும்போது பிளீடிங் நிப்பிளை (ஆயிலிலிருந்து காற்றை வெளியேற்றும் திருகு) திறந்தார்களா, ஹோஸைக் கழற்றினார்களா, ஆயில் டப்பா காலியாகும்வரை விட்டார்களா என்று கேளுங்கள். மூன்றுக்கும் "இல்லை" என்றால் பிளீடிங்குக்குப் பணம் கொடுக்கும் முன் வேறு இடங்களைப் பார்க்க வேண்டும்.

பழைய டிஸ்க்கில் கோடுகள் விழுந்திருக்கும். தட்டையான புது பேடு அந்த மேடுகளில் மட்டுமே படும், முழுமையாகப் பதியும்வரை பெடலில் ஒரு நெகிழ்வு இருக்கும். இது கொஞ்ச நாளில் தானே சரியாகும். ஆனால் பேடு அதன் இடத்தில் நேராக உட்காராமல் இருந்தாலோ, பழைய ஷிம்மை (பேடின் பின்னால் வைக்கும் மெல்லிய தகடு) எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்திருந்தாலோ அது தானே சரியாகாது.

இன்னொரு இடம் பின்சக்கரம். நம் ஊரில் ஓடும் சின்ன கார்கள் பெரும்பாலானவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம்மின் உள்பக்கத்தை உரசிப் பிடிக்கும் ஷூ தேய்ந்து, டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடிவிட்டால், முன்னால் எவ்வளவு நல்ல பேடு போட்டாலும் பெடல் ஆழமாகத்தான் போகும். இதற்கு எளிய சோதனை இருக்கிறது. சமதளத்தில் நின்றபடி ஹேண்ட்பிரேக்கைச் சில கிளிக் இழுத்துவிட்டு பெடலை மிதியுங்கள். பெடல் முன்பைவிட உயரத்திலேயே பிடித்தால், கவனம் பின்பக்க ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டுக்குப் போக வேண்டும். முன்பக்க வேலைக்காக விட்ட காரில் இதை யாரும் பார்ப்பதில்லை.

அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை மிதித்தால் பெடல் மேலே ஏறி இறுகுகிறதா? ஒன்று அதிக இடைவெளி, இல்லையென்றால் காற்று. ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடித்திருக்கும்போது மெதுவாகக் கீழே போய்க்கொண்டே இருக்கிறதா? எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது. பெடல் கல் மாதிரி இறுகி, கார் மட்டும் நிற்க அடம்பிடித்தால், மிதியின் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சில முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யும்போது பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரிலோ அதற்கு வரும் வேக்கம் பைப்பிலோ கோளாறு.

பிரேக் ஆயிலின் வயதையும் மறந்துவிடுகிறார்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய நிலைக்கு அந்த அளவு 155 டிகிரி. ஊருக்குள் ஓட்டும்போது நன்றாக இருக்கும் பெடல், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது மட்டும் மெத்தென்று ஆனால் பேடை விட்டுவிட்டு ஆயிலைச் சந்தேகியுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் கம்பெனிகள் பல.

சத்தம் எப்போது வருகிறது?

"சத்தம் வருது" என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்கும் குத்துமதிப்பாகத்தான் வேலை செய்வார். எப்போது வருகிறது என்று சொல்ல வேண்டும்.

பிரேக்கே மிதிக்காமல் ஓடும்போது சர் சர் என்று உரசினால், பேடு மாற்றும்போது டிஸ்க்குக்குப் பின்னாலுள்ள மெல்லிய தகரம் வளைந்து டிஸ்க்கில் படுகிறதா என்று பாருங்கள். பல நேரம் விரலால் வளைத்துவிட்டாலே போதும். பேடு தேய்ந்ததை எச்சரிக்க வைத்திருக்கும் சிறு இரும்பு நாக்கு, தப்பான பக்கத்தில் மாட்டினாலோ வளைந்திருந்தாலோ புது பேடிலேயே கத்த ஆரம்பிக்கும். டிஸ்க்கின் ஓரத்தில் துருப்பிடித்த விளிம்பு எழும்பியிருந்தால் புது பேடின் முனை அதில் உரசும்.

லேசாக மிதிக்கும்போது மட்டும் வரும் கீச் சத்தம் அதிர்வால் வருவது. இங்கேதான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. பேடு உரசும் முகத்தில் எண்ணெய் ஸ்பிரே அடிப்பவர்கள் இருக்கிறார்கள். சத்தம் நிற்கும், சேர்ந்தே பிரேக்கும் நிற்கும். அப்படி ஊறிய பேடைத் தூக்கிப் போடுவதுதான் வழி. பிரேக் கிரீஸ் போக வேண்டிய இடம் பேடின் பின்தகடும், அதன் இரு முனைக் காதுகள், பேடைப் பிடித்திருக்கும் தாங்கியில் நகரும் இடங்களும், அதுவும் மெல்லிய பூச்சாக. ஸ்லைட் பின்னுக்குச் சாதாரண வீல் கிரீஸ் தடவினால் அங்குள்ள ரப்பர் உப்பி, பின் இன்னும் இறுகிக்கொள்ளும். சிலிகான் வகையோ, பிரேக்குக்கென்றே விற்பதோ வேண்டும். உப்புத்தாளால் பேடைத் தேய்த்துவிடும் கைவைத்தியம் சில நாள் தாங்கும். காரணம் ஷிம் இல்லாததாகவோ தளர்ந்த கிளிப்பாகவோ இருந்தால் கீச் திரும்ப வரும்.

முன்னே போய் நின்று, ரிவர்ஸ் எடுத்து முதலில் பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு முறை 'டக்' என்றால், பேடு தாங்கிக்குள் இடம் மாறுகிறது. பழைய கிளிப்புகளையே திரும்பப் போட்டிருப்பார்கள், அல்லது ஒன்றைப் போடாமலே விட்டிருப்பார்கள். மழை இரவுக்குப் பின் காலையில் முதல் சில பிரேக்கில் வரும் கரகரப்பு டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு. அதற்கு ஒர்க்‌ஷாப் போக வேண்டாம்.

பெடல் துடித்து ஸ்டீயரிங் நடுங்கினால் "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை. டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும், அல்லது டிஸ்க் உட்காரும் ஹப்பில் துருவைச் சுரண்டாமல் மாட்டியிருப்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வித்தியாசமே நடுக்கத்துக்குப் போதும். வீல் நட்டுகளை ஏர் கன்னால் கன்னாபின்னாவென்று இறுக்குவதும் இதில் சேரும். லேத்தில் கடைந்து சரிசெய்வதாக இருந்தால், டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனுக்குக் கீழே போகக் கூடாது.

இனி பேடைப் பழக்கும் விஷயம். புது பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே சீராகப் படிய வேண்டும். காலியான சாலையில் 50, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10, 15 வரை நடுத்தர அழுத்தத்தில் வேகத்தைக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, எட்டு பத்து முறை செய்தால் பெரும்பாலும் போதும். பேடு பெட்டியில் வேறு முறை அச்சிட்டிருந்தால் அதையே கடைப்பிடியுங்கள். சூடான பிரேக்கை மிதித்தபடி சிக்னலில் நிற்பதைத் தவிர்க்கப் பாருங்கள், பேடு அழுந்திய இடத்தில் திட்டுத் திட்டாகப் படிந்துவிடும். புது பேடோடு நேராக மலைக்குக் கிளம்புவதும், பயந்து மாதக் கணக்கில் தொட்டுத் தொட்டு மட்டும் பிடிப்பதும், இரண்டுமே பேடைக் கெடுக்கும்.

இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் வந்தால் மட்டும் பழகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பேடைத் திருப்பி, பின்தகடு டிஸ்க்கைப் பார்க்கும்படி மாட்டும் கூத்தும் நடக்கத்தான் செய்கிறது. கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரத்தில் மட்டும் கருகிய வாடையும் அனலும் அடித்தாலோ, சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் தெரிந்தாலோ அதே கதைதான். அந்தக் காரை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.