முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரைத் தினமும் ஓட்டுவது எப்படி? இங்கிலாந்தில் இருக்கும் புதியவர்களுக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது எஞ்சினைப் பற்றித்தான். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 விஷயத்தில் அந்தக் கவலை பெரிதாக வேண்டாம். நேரத்துக்கு ஆயில் மாற்றினால் அந்த எஞ்சின் நெடுங்காலம் உழைக்கும். இந்தக் காரைச் சாகடிப்பது தண்ணீர். தேங்கக் கூடாத இடத்தில் தேங்கும் மழைநீர் ஒரு பக்கம், இருக்க வேண்டிய இடத்தில் குறைந்துபோகும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம், இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் கவனிக்கப் பழகிவிட்டால் முப்பது வயதைத் தாண்டிய காரிலும் தினமும் வேலைக்குப் போய்வரலாம். நானும் அப்படித்தான், போக வர 40 கிலோமீட்டர், மழையோ பனியோ 1.6 லிட்டர் எம்எக்ஸ்-5இல் போய்வருகிறேன்.

இந்தக் காரையே நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1979இல் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களைப் போல எளிமையான ஒன்றைச் செய்யுங்கள் என்று மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் சொன்னார். பத்து ஆண்டு கழித்து, 1989 பிப்ரவரியில், சிகாகோ கண்காட்சியில் கார் வெளிவந்தது. குதிரையும் அதில் ஏறியவரும் ஓருடல் என்ற பொருள்படும் 'ஜின்பா இட்டாய்' என்பதைத்தான் வடிவமைத்தவர்கள் மனதில் வைத்திருந்தார்கள். எடை ஒரு டன்னுக்கும் குறைவு. ஆரம்பகால 1.6 எஞ்சினுக்குச் சுமார் 115 குதிரைத்திறன். 2016இல் எல்லாத் தலைமுறைகளும் சேர்ந்து பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. இவ்வளவு விற்ற கார் என்பதால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டியதில்லை. தினசரி ஓட்டுகிறவருக்கு அது எஞ்சின் பலத்தைவிடப் பெரிய விஷயம்.

படி 1: உங்கள் வாழ்க்கைக்கு ஒத்துவருமா என்று பாருங்கள்

இருக்கை இரண்டுதான். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இது ஒரே காராக இருக்க முடியாது. பெரிய விபத்தில் இன்றைய கார் தரும் பாதுகாப்பை இது தராது. இதை வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

லண்டனில் இருப்பவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் (நகரின் நிர்வாகப் பகுதிகள்) யூலெஸ் எல்லைக்குள், அதாவது புகை அதிகம் விடும் வாகனங்களுக்குக் கட்டணம் வசூலிக்கும் மண்டலத்துக்குள், வந்துவிட்டன. இந்த வயது பெட்ரோல் கார் பெரும்பாலும் அந்த மண்டலத்தின் அளவுகோலைத் தாண்டாது, ஆகவே ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். 40 வயது நிறைந்து, வரலாற்று வாகனமாகப் பதிவானால் விலக்கு உண்டு. இந்தக் கார்களுக்கு அது இன்னும் வரவில்லை. லண்டனுக்குள் தினமும் ஓட்டத்தான் என்றால் இந்தக் காரை வாங்காதீர்கள்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது 'வேலைக்குப் போய்வரவும் ஓட்டுவேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பழைய கார்களுக்கான மலிவான பாலிசிகள் பலவற்றில் அதற்கு இடமில்லை. சில பாலிசிகள் வீட்டில் வேறொரு கார் இருக்க வேண்டும் என்றும், ஆண்டுக்கு இத்தனை மைலுக்கு மேல் ஓடக் கூடாது என்றும் கேட்கும்.

படி 2: முட்டி போட்டுப் பாருங்கள்

காரைப் பார்க்கப் போவதற்கு முன்பே அதன் பதிவு எண்ணை அரசின் எம்ஓடி (கார் சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் வருடாந்தரச் சோதனை) இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். காசு கிடையாது. முந்தைய ஆண்டுகளின் சோதனைகளில் என்ன குறை கண்டார்கள் என்பது வரிசையாக வரும். 'துரு' என்ற சொல் எந்த ஆண்டில் முதலில் தலைகாட்டுகிறது, அடுத்த ஆண்டு அது காணாமல் போகிறதா என்று கவனியுங்கள். துரு தானாகப் போகாது. வெல்டு செய்த ரசீது இருக்கிறதா, அல்லது மேலே கறுப்புத் தாரை அப்பியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டிய இடம் அதுதான்.

போகும்போது டார்ச்சும், விரித்துப் படுக்க ஒரு பழைய துணியும் கொண்டுபோங்கள். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற தகட்டுக்கு சில் என்று பெயர். அதன் பின்முனை, பின்சக்கர வளைவைத் தொடும் இடம்தான் இந்தக் காரின் உயிர்நிலை. அங்கே பெயின்ட் அம்மைக் கொப்புளம் போல எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். கொப்புளம் வெளியே சிறிதாகத் தெரிந்தால், உள்ளே தகடு அதைவிட அதிகமாகவே அரித்திருக்கும், ஏனென்றால் துரு அங்கே உள்ளிருந்துதான் வெளியே வருகிறது.

உள்ளே எப்படித் தண்ணீர் போகிறது? துணிக் கூரையில் விழும் மழை, இருக்கைகளுக்குப் பின்னால் கூரை உடலோடு சேரும் இடத்தில் ஒரு வாய்க்காலில் சேரும். அதன் இரண்டு ஓரத்திலும், சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால், ஒவ்வொரு வடிகால் துளை. அங்கிருந்து குழாய் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் காரின் அடியில் வெளியேற வேண்டும். இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தளும்பி உள்ளே இறங்கி, சில்லுக்குள் தேங்கும்.

வாங்கிய முதல் வருடம் இதை நான் அலட்சியம் செய்தேன். நவம்பர் மாதம் ஒரு காலை, இருக்கைக்குப் பின்னால் வைத்திருந்த பையைத் தூக்கினேன். அடிப்பாகம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கம்பளத்தை அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் ஏறியது. துளைக்குள் டார்ச் அடித்தால், ஊறிக் கறுத்த இலைக்கூழ். அதை எடுத்த நொடியில் அடியிலிருந்து மண்ணிறத் தண்ணீர் நிற்காமல் ஊற்றியது. அடுத்த எம்ஓடிக்கு முன் இடப்பக்கச் சில்லை வெல்டு செய்ய வேண்டிவந்தது. ஐந்து நிமிட வேலையை விட்டதற்கு அவ்வளவு செலவு.

ஆகவே வாங்கும்போதே விற்பவரிடம் கேட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை அந்த வாய்க்காலில் மெல்ல ஊற்றுங்கள். அடியில் சொட்டினால் சரி. அடைப்பு இருந்தால் நுனி மழுங்கிய, வளையக்கூடிய பிளாஸ்டிக் இழையை விட்டு மெதுவாக அசையுங்கள். நான் நீளமான கேபிள் டை பயன்படுத்துகிறேன். இரும்புக் கம்பி குழாயைக் கிழிக்கும், அழுத்தக் காற்று அதை இடத்திலிருந்து கழற்றிவிடும். இரண்டும் வேண்டாம்.

படி 3: பானெட்டைத் திறங்கள்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் மேலே டிக்டிக் என்று சத்தம் வந்து, சூடானதும் அடங்கினால் பயப்பட வேண்டாம். வால்வுகளின் ஹைட்ராலிக் பாகத்தில் ஆயில் ஏறும் வரை அப்படித்தான் இருக்கும். நல்ல ஆயில் மாற்றினால் பெரும்பாலும் குறையும்.

1991க்குள் செய்த 1.6 எஞ்சின் என்றால் முன்பக்கம் இருக்கும் கிராங்க் புல்லியை, அதாவது எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்கின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரத்தை, பாருங்கள். அதில் 4 வெட்டு இருந்தால் பழைய குட்டை மூக்குக் கிராங்க், 8 வெட்டு இருந்தால் திருத்திய நீள மூக்கு. குட்டை மூக்கில் புல்லி ஆட்டம் கொடுக்கத் தொடங்கினால் கிராங்கே பாழாகும். எஞ்சின் ஓடும்போது புல்லி தள்ளாடாமல் நேராகச் சுற்றினால் போதும், அந்தக் காரை ஒதுக்க வேண்டியதில்லை.

1995க்குப் பிறகு பிரிட்டனில் விற்ற 1.6 கார்களின் திறன் 90 குதிரைத்திறன் அளவுக்குக் குறைக்கப்பட்டது. வேலைக்குப் போய்வர அதுவே போதும். தகடு நன்றாக இருக்கும் 90 குதிரைத்திறன் காரைத்தான் நான் எடுப்பேன், துருப்பிடித்த, பலம் கூடிய 1.8 லிட்டர் கார் எனக்கு வேண்டாம்.

அப்புறம் ரேடியேட்டர். அதன் மேல்தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. புதிதில் கறுப்பாக இருக்கும். வெப்பத்தில் வெந்து வெந்து முதலில் பச்சை கலந்தும் பிறகு பழுப்பாகவும் மாறும். பழுப்பு என்றால் பிளாஸ்டிக் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது. விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள். வாங்கியதும் முதலில் மாற்ற வேண்டியதும் அதுதான்.

படி 4: முதல் மாதம், முதல் செலவு

வாங்கும் பணத்தோடு இந்த வேலைகளுக்கான பணத்தையும் சேர்த்தே எடுத்து வையுங்கள். பழைய காரைத் தினசரிக்கு நம்பி இறங்குகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். கார் ஓடுகிறதே என்று அப்படியே ஓட்டத் தொடங்கி, மூன்றாம் மாதம் சாலையோரம் நிற்பார்கள்.

எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பின் டிஃபரன்ஷியல் ஆயில், பிரேக் திரவம், கிளட்ச் திரவம், கூலன்ட் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுங்கள். எது எப்போது மாற்றியது என்று அதன் பிறகு உங்களுக்கே தெரியும். எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற 60,000 மைல் கணக்கு, அதாவது சுமார் 96,000 கிலோமீட்டர். ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த 1.6 எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு வளையாது, ஆனால் கார் நடுவழியில் நின்றுவிடும். பெல்ட்டை மாற்றும்போதே வாட்டர் பம்பையும் மாற்றுங்கள், இரண்டுக்கும் ஒரே உழைப்பு.

பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. சாதாரணப் பேட்டரியை அங்கே அப்படியே வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது வரும் வாயு மூடிய டிக்கியில் சேரும். வாயுவை வெளியேற்றும் குழாய் மாட்டக்கூடிய, இந்தக் காருக்கான பேட்டரிதான் வேண்டும்.

டயரில் கட்டை (சாலையைப் பிடிக்கும் மேல்வரிகள்) நிறைய இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019இன் 35ஆவது வாரம். குறைவாக ஓடிய கார்களில் கட்டை தேயாமலே ரப்பர் கல்லாகியிருக்கும். பின்சக்கரம் தள்ளும் கார், சறுக்கலைத் தடுக்கும் மின்னணு உதவி எதுவும் கிடையாது. மழையில் ரவுண்டானாவில் திரும்பும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்த ரப்பர் மட்டும்தான். 1.6இன் அளவு 185/60 ஆர்14, காற்று 26 பிஎஸ்ஐ. எடை குறைந்த கார் என்பதால் அவ்வளவுதான் வேண்டும். ஒருமுறை ஒரு கடையில் வழக்கம்போல 35 ஏற்றிவிட்டார்கள், வீட்டுக்கு வரும்வரை கார் ஒவ்வொரு குழிக்கும் துள்ளியது. அன்று முதல் காற்றை நானே அளக்கிறேன்.

பெட்ரோல்: 2021 செப்டம்பர் முதல் பங்க்குகளில் சாதாரண பெட்ரோல் என்றால் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. இந்த வயது ரப்பர் குழாய்களுக்கு, விலை கொஞ்சம் கூடினாலும், எத்தனால் 5 சதவீதத்துக்கு மேல் போகாத இ5 பிரீமியம் பெட்ரோல்தான் பத்திரம்.

படி 5: வாரம் பத்து நிமிடம்

ஞாயிறு காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்துவைத்து வரிசையாகப் பாருங்கள். ஆயில் கம்பி. கூலன்ட் பாட்டிலில் அளவு. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கும் சின்னக் கிளட்ச் திரவக் கிண்ணத்தில் அளவு இறங்கியிருந்தால், பெரும்பாலும் கீழே கியர்பாக்ஸ் பக்கம், திரவ அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கசிகிறது என்று பொருள். இந்தக் காரில் அடிக்கடி போகும் பாகம் அது, ஆனால் விலை குறைவு. பெடல் மெத்தென்று ஆகி, கியர் விழ அடம்பிடிக்கும் முன்பே கிண்ணம் சொல்லிவிடும்.

கூலன்ட் வாராவாரம் சிறிது சிறிதாக இறங்கினால் வெறுமனே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருக்காதீர்கள். எங்கே போகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த நாள் வேலைக்கு அந்தக் காரை எடுக்க வேண்டும்.

இலையுதிர் காலத்தில் வடிகால் துளைகளையும் வாரம் ஒருமுறை பாருங்கள். மரத்தடியில் நிறுத்துகிறவர் என்றால் இரண்டு முறை.

படி 6: குளிர்காலம்

துணிக் கூரையின் பின்கண்ணாடி பிளாஸ்டிக். கூரையை மடக்கும் முன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்க வையுங்கள். உறையும் குளிரில் மடக்கவே கூடாது, ஒரே மடிப்பில் விரிசல் விழும். காலைப் பனியை அதிலிருந்து சுரண்டவும் வேண்டாம். ஹீட்டரைப் போட்டுக் காத்திருங்கள்.

எழும்பி மடங்கும் முகப்பு விளக்குகள் பனியில் ஒட்டிக்கொண்டு எழாமல் போகலாம். அதற்கு பானெட்டுக்குள், மோட்டாரின் தலையில் ரப்பர் மூடிக்கு அடியில் ஒரு திருகு உண்டு. விளக்கு மோட்டாருக்கான ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அதைக் கையால் சுற்றினால் விளக்கு ஏறும். ஃபியூஸ் இருக்கும்போது சுற்றினால் மோட்டார் திடீரென்று ஓடி விரலைப் பதம்பார்த்துவிடும்.

சாலையில் தூவும் உப்புதான் பெரிய பகை. உப்பு தூவிய வாரங்களில், உறைபனி இல்லாத ஒரு நாளில், காரின் அடியையும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் சாதாரணத் தண்ணீரால் கழுவுங்கள். குளிர்காலத்துக்கு முன்னால், நன்றாக உலர்ந்த நிலையில் சில்லுக்குள் மெழுகு ஸ்ப்ரே அடித்துவிட்டால் இன்னும் நல்லது. ஈரத்தின் மேல் அடித்தால் ஈரத்தைப் பூட்டி வைத்தது போலத்தான்.

படி 7: எம்ஓடியை ஒரு மாதம் முன்பே முடியுங்கள்

கெடு தேதிக்கு ஒரு மாதத்துக்குள், ஒரு நாள் குறையாக, சோதனைக்குப் போனாலும் அடுத்த ஆண்டின் தேதி மாறாது. ஏதாவது குறை வந்தால் பாகம் வரவழைத்து மாற்ற அவகாசம் கிடைக்கும். அந்த நாட்களில் பஸ்ஸிலோ நண்பருடனோ போக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தினசரி கார் என்பதால் அவசரத்தில் அரைகுறையாக வெல்டு செய்ய விடாதீர்கள்.

கார் லிஃப்டில் ஏறி நிற்கும்போது, அடியைக் காட்ட முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள், பெரும்பாலும் காட்டுவார்கள். முதலில் பின்சக்கரங்களுக்கு முன்னால் டார்ச் அடியுங்கள். வடிகால் வாய் இரண்டும் திறந்திருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.