கடை வைஃபையில் சேரும் முன்: களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்துக்குத் துணி எடுக்கப் போகிறவர்களுக்கு

ஓணத் தள்ளுபடி தொடங்கிவிட்டால் நம் மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்து ஆட்கள் பலர் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறிவிடுவோம். பெரிய கடைகளில் கீழ்த்தளத்துக்கு இறங்கியதும் போன் சிக்னல் செத்துவிடும். எடுத்த சேலையைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அதனால் கை தானாகவே கடை வைஃபையைத் தேடும். அதில் எப்படிச் சேர்வது, எதைத் தொடக்கூடாது என்று உறவில் பலருக்கும் நேரில் செய்து காட்டியதை அப்படியே இங்கே எழுதுகிறேன். ஆண்ட்ராய்டை வைத்துத்தான் சொல்கிறேன், ஐபோனில் வேறுபடும் இடத்தை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பயத்தைச் சரியான இடத்தில் வைப்போம். பொது வைஃபை என்றதும் 'பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பாஸ்வேர்டைப் படித்துவிடுவான்' என்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மைதான். 2010-ல் ஃபயர்ஷீப் என்று ஃபயர்ஃபாக்ஸ் பிரௌசருக்கு ஒரு நீட்சி (எக்ஸ்டென்ஷன்) வந்தது, அதே வைஃபையில் இருக்கும் அடுத்தவரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரு கிளிக்கில் நுழைய முடியும் என்று காட்டியது. அதற்கப்புறம் பெரிய தளங்கள் ஒவ்வொன்றாக முழுக்க எச்டிடிபிஎஸ்ஸுக்கு, அதாவது தரவைப் பூட்டி அனுப்பும் முறைக்கு, மாறிவிட்டன. இன்று நீங்கள் என்ன தட்டச்சு செய்கிறீர்கள் என்பது பெரும்பாலும் மறைந்தே போகிறது, எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது மட்டும் வைஃபை நடத்துபவருக்குத் தெரியலாம். இப்போது ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: உள்ளே நுழையும் பக்கத்தில் நாமே எழுதிக் கொடுப்பதிலும், அவசரத்தில் தள்ளிவிட்டுப் போகும் எச்சரிக்கைகளிலும், நாம் கேட்காமலே போன் போய் ஒட்டிக்கொள்ளும் பழைய வைஃபைகளிலும்.

படி 1. வீட்டிலேயே செய்ய வேண்டியது

செட்டிங்ஸில் வைஃபை, அதற்குள் 'சேவ்டு நெட்வொர்க்ஸ்'. அங்கே பஸ் ஸ்டாண்டு, லாட்ஜ், கல்யாண மண்டபம் என்று ஒரு பெரிய வரிசை நிற்கும். வீடும் ஆபீசும் தவிர மற்றதை எல்லாம் 'ஃபர்கெட்' கொடுங்கள். காரணம், பாஸ்வேர்டு இல்லாத திறந்த வைஃபையை உங்கள் போன் பெயரை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. அதே பெயரில் யாராவது ஒரு ஹாட்ஸ்பாட்டைப் போட்டால் போன் பழைய ஆள் என்று நம்பிச் சேர்ந்துவிடும்.

படி 2. பெயரைக் கேளுங்கள்

பில் போடும் இடத்தில் வைஃபையின் சரியான பெயரைக் கேளுங்கள். பட்டியலில் கடைப் பெயரோடு 'ஃப்ரீ' என்று ஒட்டிய இன்னொன்று தெரிந்தால் அதைத் தொட வேண்டாம். சேர்ந்ததும் அந்த வைஃபையின் அமைப்பில் 'ஆட்டோ கனெக்ட்' அணைந்திருக்கட்டும், 'ரேண்டமைஸ்டு மேக்' இருக்கட்டும். ஆண்ட்ராய்டு 10-இல் இருந்தும் ஐஓஎஸ் 14-இல் இருந்தும் இது தானாகவே இருக்கும், எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே அடையாள எண்ணை வைத்து உங்களைப் பின்தொடர முடியாமல் செய்வது இதுதான்.

படி 3. எண் கேட்கும் பக்கம்

இங்கேதான் நிதானம் வேண்டும். இந்தியாவில் பொது வைஃபை கொடுப்பவர் யார் பயன்படுத்தினார் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதைத் தொலைத்தொடர்புத் துறை 2009-லேயே சொல்லிவிட்டது, அதனால் மொபைல் எண்ணும் ஓடிபியும் கேட்பது முறைதான். பிறந்த நாள், கல்யாண நாள், மின்னஞ்சல் எல்லாம் கடையின் விளம்பரத்துக்கு. கட்டாயம் இல்லாத கட்டங்களைக் காலியாக விடுங்கள். 'கூகுள் மூலம் உள்ளே வா' என்று கேட்டால் வெளியே வந்துவிடுங்கள், வைஃபைக்காக ஜிமெயில் பாஸ்வேர்டைத் தர வேண்டிய தேவையே கிடையாது.

எங்கள் மைனி (அண்ணி) மலையாளம் தண்ணீராகப் பேசுவாள், எழுத்து வாசிக்கத் தெரியாது. "மக்களே, இது என்னமோ மலையாளத்துல கேக்குது, ஓகே அமுக்கட்டா?" என்று போனை நீட்டினாள். இரண்டு கட்டங்கள், இரண்டிலும் முன்கூட்டியே டிக். ஒன்று நிபந்தனைகளுக்கு, மற்றது விளம்பரச் செய்திகள் அனுப்பவும் கூட்டாளி நிறுவனங்களுக்கு எண்ணைக் கொடுக்கவும் சம்மதம். இரண்டாவதை எடுத்துவிட்டாலும் வைஃபை வேலை செய்தது. வாசிக்கத் தெரியாவிட்டால் பக்கத்தின் மேல்மூலையில் ஆங்கிலம் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அங்கே நிற்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள், சொல்லித் தருவார்கள்.

ஓடிபி வந்ததும் எண்ணை மட்டும் பார்க்காமல் செய்தியை முழுதாக வாசியுங்கள். இதுதான் இந்தப் பதிவிலேயே முக்கியம். போலி வைஃபைப் பக்கம் நீங்கள் கொடுத்த எண்ணில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறக்க முயன்றுவிட்டு, வருகிற ஆறு இலக்கத்தை உங்களிடமே கேட்க முடியும். செய்தியில் வாட்ஸ்அப் என்றோ வங்கி என்றோ இருந்தால் அந்த எண்ணை அங்கே போடவே கூடாது. வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பு பின் நம்பர் வைத்திருந்தால் ஒரு பூட்டு கூடுதல், இன்றைக்கே வையுங்கள்.

படி 4. பக்கமே வரவில்லை, ஓடிபியும் வரவில்லை

என்னை அதிகம் படுத்தியது இதுதான். கீழ்த்தளத்தில் சிக்னல் இல்லாததால்தானே வைஃபை கேட்கிறோம், ஓடிபியோ சிக்னலில்தான் வரும். ஆகவே வாசலிலேயே நின்று பதிவை முடித்துவிட்டு இறங்குங்கள். ஐபோனில் இன்னொரு சிக்கல்: ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போனால் அந்தச் சின்ன ஜன்னல் மூடி, இணைப்பும் போய்விடும். மேலே வந்து விழும் அறிவிப்பிலேயே எண்ணைப் பார்த்துப் போடுங்கள்.

பக்கமே திறக்கவில்லை என்றால், கடையின் ரௌட்டர் உங்களைத் தன் பக்கத்துக்குத் திருப்பப் பார்க்கிறது, எச்டிடிபிஎஸ் தளங்கள் திரும்ப மறுக்கின்றன, அதனால் பிரௌசர் சிவப்பு எச்சரிக்கை காட்டுகிறது. அதில் 'ப்ரொசீட்' அமுக்கிப் பழகாதீர்கள். அதே எச்சரிக்கைதான் நிஜத் திருடன் நடுவில் நிற்கும்போதும் வரும். அதற்குப் பதில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று அடியுங்கள், வேண்டுமென்றே பூட்டில்லாமல் வைத்திருக்கும் தளம் அது, பக்கம் உடனே வந்துவிடும். பிரைவேட் டிஎன்எஸ்ஸில் (தளத்தின் முகவரியைத் தேடுவதையும் பூட்டி அனுப்பும் அமைப்பு) ஏதாவது பெயர் போட்டிருந்தாலும், விபிஎன் (தரவை எல்லாம் பூட்டி வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் ஆப்) எப்போதும் ஓடும்படி வைத்திருந்தாலும் இதே தடங்கல் வரும். அணைத்து, உள்ளே நுழைந்து, மறுபடி போடுங்கள்.

படி 5. உள்ளே வந்தபின்

போட்டோ, வாட்ஸ்அப், விலை ஒப்பிட்டுப் பார்ப்பது எல்லாம் சரி. பணம் கட்டும்போது மட்டும் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் கட்டுங்கள். யூபிஐ ஆப்கள் தங்கள் தரவைப் பூட்டியேதான் அனுப்புகின்றன, இருந்தாலும் காசு விஷயத்தில் அடுத்தவர் வலையை நான் நடுவில் விடமாட்டேன். 'வேகமாக வேலை செய்ய இந்த ஆப்பை நிறுவுங்கள்' என்று பக்கம் கேட்டால் உடனே துண்டியுங்கள்.

விபிஎன் பற்றிக் கேட்பீர்கள். இலவசம் என்று கண்ணில் பட்டதை எல்லாம் போடாதீர்கள், கடைக்காரர் பார்க்கக்கூடியதை அப்புறம் முகம் தெரியாத அந்த நிறுவனம் பார்க்கும். எனக்குப் பிடித்தது புரோட்டான் விபிஎன்னின் இலவச வகை. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்களை வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்கச் சொன்னதும் பெரிய விபிஎன்கள் சில இந்தியாவில் இருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன, ஆகவே பட்டியலில் இந்தியா இல்லையே என்று குழம்ப வேண்டாம்.

வெளியே வந்ததும் 'ஃபர்கெட்'. விளம்பரச் செய்திகள் குவிந்தால் ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட் 0' என்று 1909-க்கு அனுப்புங்கள். பணம் போய்விட்டால் யோசித்து நிற்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் போய்ச் சேர்ந்த கணக்கில் நிறுத்திவைக்க வழி இருக்கும்.

பின்சேர்க்கை: லேப்டாப்பும் இப்படித்தானா என்று ஒருவர் கேட்டிருந்தார். விண்டோஸில் சேரும்போது 'பப்ளிக் நெட்வொர்க்' என்பதையே தேர்ந்தெடுங்கள், பகிர்ந்து வைத்த கோப்புகள் மற்றவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு பின்சேர்க்கை: மார்த்தாண்டத்தில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன், வாடிக்கையாளர்களுக்கு வைஃபை கொடுக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். பில் மெஷினும் சிசிடிவியும் இருக்கும் வைஃபையைக் கொடுக்காதீர்கள் அண்ணே. ரௌட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' தனியாகத் திறந்து, 'ஏபி ஐசொலேஷன்' என்று இருப்பதை இயக்குங்கள், ஒரு வாடிக்கையாளரின் போனை இன்னொருவரின் போன் தொட முடியாது. ரௌட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை அதற்கும் முன்னால் மாற்றிவிடுங்கள்.