பிளாஸ்மா கட்டர் நாசில் சீக்கிரம் போகுதா? முதல்ல காத்தைப் பாருங்க

உலோகம் வெட்டுற இந்த மெஷின்ல ஏர் டெஸ்ட் மோடு (ஆர்க் இல்லாம காத்து மட்டும் வர்ற மோடு) போட்டு, டார்ச் (வெட்டுற முனை) முன்னாடி ஒரு சின்ன கண்ணாடிய கொஞ்ச நேரம் பிடிங்க, அதுல பனி படிஞ்ச மாதிரி மங்கலாச்சுன்னா காத்துல ஈரம் இருக்கு, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுனா கம்ப்ரஸர் ஆயில் கூடவே வருது. கம்ப்ரஸர் டேங்க்ல காத்து ஆறும்போது தண்ணி தங்கும், டிரெயின் பண்ணாம விட்டா அது டார்ச் வரைக்கும் வந்து உள்ள ஆர்க்கை உண்டாக்குற எலக்ட்ரோடு நுனியில இருக்குற ஹாஃப்னியம்ங்கிற உலோகத்த சீக்கிரம் அரிச்சிடும், நாசில் ஓட்டையும் வட்டம் போய் கோணலாகி கட்டிங் சாய்வா விழும். நாசில் தரம் சரியில்லன்னு கடைக்காரரத்தான் திட்டுவாங்க பல பேரு! டேங்க்கையும் ஃபில்டர் கிண்ணத்தையும் தினமும் டிரெயின் பண்ணாலே பாதிப் பிரச்சினை தீரும்.

டெஸ்ட் மோடு இல்லாத மெஷின்ல டிரிகர அழுத்தி இதைச் செய்யவே கூடாது, பைலட் ஆர்க் (வெட்ட ஆரம்பிக்க முதல்ல வர்ற ஆர்க்) அடிச்சிடும், அங்க ஃபில்டர் கிண்ணத்துல தண்ணி நிக்குதான்னு பாத்தா போதும். கம்ப்ரஸர் காத்துக்குப் பதிலா நைட்ரஜன் சிலிண்டர்ல ஓட்டுறவங்களுக்கு இந்த ஈரச் சோதனை தேவைப்படாது. எலக்ட்ரோடு நடுவுல ஏற்கெனவே ஆழமா குழி விழுந்திருந்தா காத்தைக் காய வச்சும் பிரயோஜனம் இல்ல, மெயின் சுவிட்ச அணைச்சிட்டு நாசிலோட சேத்து மாத்திடுங்க.