"எந்த ஊர்க்காரர்?" என்று கேட்பதற்கு முன்: வீடு வாடகைக்கு விடுவோருக்கு

சிங்கப்பூரில் வீட்டையோ அறையையோ வாடகைக்கு விடும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சொத்து முகவர். செங்காங், பொங்கோல், ஈசூன் பக்கம்தான் பெரும்பாலும் என் அலைச்சல். "இந்தியர் வேண்டாம்" என்று ஒரு சீன வீட்டுக்காரர் சொன்னது காதில் விழுந்தால் நமக்குக் கொதிக்கிறது. நியாயம்தான். ஆனால் நம் வீட்டுக்காரர்கள் என்னிடம் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "அக்கா, நம்ம ஆளா பாருங்க. சைவமா இருந்தா ரொம்ப நல்லது. வடக்கத்திக்காரங்க வேணாம், சைனாக்காரங்க வேணவே வேணாம்." இதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் துளிக்கூடத் தயக்கம் இருக்காது.

அவர்களில் பலர் நல்லவர்கள். பயப்படுகிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பயத்தை என்ன செய்வது என்பதுதான் விஷயம்.

முதலில், சட்டம் எங்கே முடிகிறது, உங்கள் விருப்பம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். "வீவக கோட்டா இருக்கே, அதான் தர முடியலை" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். வீவக என்பது அரசின் அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். அந்த வீடுகளில் எந்த இனத்தார் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989ல் வந்தது, அது வீடு வாங்குவதற்கும் விற்பதற்கும்தான். வாடகைக்குக் குடிவருபவரின் இனத்துக்கு எந்த வரம்பும் கிடையாது. முழு வீட்டையும் வாடகைக்கு விடும்போது பார்க்க வேண்டியது வேறு: குடிமக்கள் அல்லாதோருக்கான வரம்பு. பேட்டைக்கு 8 விழுக்காடு, புளோக்குக்கு 11 விழுக்காடு. மலேசியர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அறையை மட்டும் விடுகிறீர்கள் என்றால் இந்த வரம்பும் இல்லை. ஆகவே கோட்டாவின் மேல் பழி போடாதீர்கள்.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான வேலை. ஒரு தாளை எடுத்து, யாரை வேண்டாம் என்கிறீர்களோ அவர்கள் "என்ன செய்வார்கள்" என்று பயப்படுகிறீர்கள் என எழுதுங்கள். இன்னார் என்று எழுதக் கூடாது, செயலை மட்டும் எழுத வேண்டும். நான் வீட்டுக்காரர்களோடு காப்பிக்கடையில் உட்கார்ந்து இதைச் செய்வது வழக்கம். வருவது ஏறக்குறைய எப்போதும் ஒரே பட்டியல்தான்: அடுப்புச் சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, ஏர்கானைச் சுத்தம் செய்யாமல் விட்டது, சொன்னதைவிட அதிகம் பேரைக் கூட்டி வந்து தங்கவைத்தது, வாடகையை இழுத்தடித்தது, நடுராத்திரியில் சத்தம். சீன ஆண்ட்டி இந்தியரைப் பற்றிச் சொல்லும் பட்டியலும், நம் அண்ணன் சீன நாட்டவரைப் பற்றிச் சொல்லும் பட்டியலும் வரிக்கு வரி ஒன்றாக இருக்கும். கொஞ்சம் துருவிக் கேட்டால், எல்லாவற்றுக்கும் பின்னால் முன்பு குடியிருந்த ஒரே ஒரு ஆள் இருப்பார். அவர் செய்துவிட்டுப் போனதற்கு ஒரு நாடே கடன் கட்டிக்கொண்டிருக்கும்.

பட்டியல் வந்துவிட்டதா? இனி ஒவ்வொரு வரியையும் ஒப்பந்தத்தில் ஒரு விதியாக்குங்கள். ஏர்கானை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்து ரசீது தர வேண்டும். தங்குவோர் எல்லாருடைய பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். காலி செய்யும்போது அடுப்படியை ஆள் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். சாவி கொடுக்கும் நாளில் சுவர், தரை, அடுப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து இரு தரப்பும் வைத்துக்கொள்ள வேண்டும். சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் சிஇஏ வெளியிட்ட மாதிரி வாடகை ஒப்பந்தம் இருக்கிறது, அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். பிறகு தகராறு வந்தால், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தம் என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. கையில் டெபாசிட், படங்கள், இப்படி ஒரு வழி எல்லாம் இருக்கும்போது ஆளின் தோலைப் பார்த்துக் காப்பீடு தேட வேண்டியதில்லை.

சமையல் வாசனை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 2011ல் வெளியான ஒரு செய்தி பலருக்கு நினைவிருக்கும். சீனாவிலிருந்து புதிதாக வந்த குடும்பம் ஒன்று, பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை பிடிக்கவில்லை என்றது. சமரசத்தில், அந்தச் சீனக் குடும்பம் வெளியே போயிருக்கும்போது மட்டும் இந்தியக் குடும்பம் கறி சமைக்கட்டும் என்று முடிவானது. செய்தி வெளியானதும் ஊரே கோபப்பட்டு, அந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனர், மலாய்க்காரர் என்று பாகுபாடில்லாமல் வீட்டுக்கு வீடு கறி சமைத்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஆனாலும் வாசனையே வராது என்று நான் வாதாடுவதில்லை. தாளித்தால் வரும். பெலாச்சான் (இறால் விழுது) வறுத்தாலும் வரும், கருவாடு பொரித்தாலும் வரும். புகைபோக்கியை வேலை செய்யும் நிலையில் வையுங்கள், அடுப்புக்குப் பின்னால் துடைக்கச் சுலபமான கண்ணாடித் தடுப்பு போடுங்கள். "வாரத்தில் எத்தனை நாள் பொரிப்பீர்கள்?" என்று கேளுங்கள், ஆனால் வருகிற எல்லாரிடமும் கேளுங்கள்.

எல்லாரிடமும், ஒரே வரிசையில். இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். வேண்டியவர் வந்தால் இரண்டு கேள்வி, வேண்டாதவர் வந்தால் விசாரணை. இதைத் தடுக்க நான் பெயரில்லாத தாள் ஒன்று தயாரிக்கிறேன்: எத்தனை பேர், என்ன வேலை, வேலை அல்லது தங்கும் அனுமதி அட்டை எதுவரை செல்லும், எத்தனை மாத ஒப்பந்தம் (வீவக வீட்டுக்குக் குறைந்தது ஆறு மாதம்), சமையல் எவ்வளவு, எப்போது குடிவருவார், எவ்வளவு தருவார். பெயர், படம், நாடு எதுவும் இருக்காது. அதை வைத்து இரண்டு பேரை வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்த பிறகுதான் நேரில் அழைத்து வருவேன். அடையாளச் சோதனை அதற்குப் பின். அசல் அட்டையையும் கடவுச்சீட்டையும் பார்த்து, இணையத்தில் சரிபார்ப்பது சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை. எந்த நாடு என்பது அப்போது தெரிந்தே தீரும், தெரிய வேண்டிய இடமும் அதுதான்.

சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். "என் வீடு, என் இஷ்டம்" என்பார்கள். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் வேலைக்கு மட்டும்தான், வாடகைக்கு அல்ல. அதனால் அந்த வாதத்தைச் சட்டம் பேசி வெல்ல முடியாது, நானும் முயல்வதில்லை. ஆனால் இனத்தையோ நாட்டையோ சொல்லி ஒதுக்கும் வாசகத்தை விளம்பரத்தில் போடச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன், முகவர்களுக்கு அது கூடாது. அப்படிச் சொல்லி நான் கைவிட்ட வீடுகள் உண்டு. கமிஷன் போனது உண்மைதான்.

நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று. "ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாங்க? குலதெய்வம் எது?" இந்த விசாரிப்பெல்லாம் எங்கே போய் நிற்கும் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்லும் தம்பிக்கும் தெரியும். 1935ல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி இதே ஊரில் சாதிக்கு எதிராக எழுதியும் பேசியும் வந்தவர். வாடகைக்கு அறை கேட்டு வரும் பையனிடம் குலதெய்வம் கேட்காதீர்கள். "சைவம் மட்டும்" என்பதும் சில வாய்களில் அதே கேள்வியின் மரியாதையான வடிவம்தான். உண்மையிலேயே உங்கள் அடுப்படியில் மாமிசம் சமைக்கக் கூடாது என்றால், "இங்கே மாமிசம் சமைக்கக் கூடாது" என்று எழுதுங்கள். ஒப்புக்கொள்பவர் யாராக இருந்தால் என்ன?

வீடு தேடுபவர்களுக்கும் சுருக்கமாக. தொலைபேசியில் "இந்தியரா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டு, "எதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். பாதிப் பேர் தடுமாறிப் போய் சமையல், ஆள் எண்ணிக்கை என்று ஏதாவது சொல்வார்கள். அதற்குப் பதில் கொடுங்கள். மேலே சொன்ன தாளை நீங்களே தயாரித்து முதல் செய்தியிலேயே அனுப்பலாம். "சமைக்கவே மாட்டோம்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், இரண்டு ஆண்டு வெளிச்சாப்பாட்டில் காலம் தள்ள முடியாது. இந்தச் சுமையை வீடு தேடி வருபவர் தலையில் ஏற்றுவது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் மாதக் கடைசிக்குள் வீடு வேண்டும் என்பவரிடம் வேறு என்ன சொல்வது? முகவர் ஒருவர் ஒதுக்கும் வாசகத்தோடு விளம்பரம் போட்டிருந்தால், திரையைப் படம் பிடித்து, முகவரின் பதிவு எண்ணோடு சிஇஏவுக்கு அனுப்புங்கள். அந்த எண் விளம்பரத்திலேயே இருக்கும்.