முதற் குளிர்காலத் தனிமை: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் குடியேறுபவருக்கு முதற் சில வாரங்கள் வங்கிக் கணக்கு, வேலை செய்யத் தேவையான சின் (சமூகக் காப்புறுதி) இலக்கம், சுகாதார அட்டை என்ற அலைச்சலிலேயே கழிந்துவிடும். அலைச்சல் ஓய்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் ஒரு மாலையில்தான் தனிமை உறைக்கத் தொடங்கும். நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே தள்ளப்படுகிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். வெளிச்சக் குறைவு உறக்கத்தையும் மனநிலையையும் பாதிக்கும் என்பதால், அப்போது வரும் சோர்வைத் தமது பலவீனமாக எவரும் எண்ண வேண்டியதில்லை. மதிய இடைவேளையில் சிறிது தூரம் வெளியே நடப்பது நல்லது.

ஊருக்குத் தொலைபேசி எடுப்பதே மருந்து என்று பலர் நம்புகிறார்கள். குளிர்காலத்தில் இலங்கை நேரம் பத்தரை மணி நேரம் முந்தியது. நீங்கள் ஆறுதலாகப் பேச அமரும் இரவு எட்டு மணி, யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் காலை ஆறரை. அதிலும், கடன்பட்டு அனுப்பிய தாயிடம் "இஞ்ச ஒரு குறையும் இல்லை, அம்மா" என்பதைத் தவிர வேறு எதைச் சொல்வது? அவ்வாறு சொல்லி வைத்த பிறகு அறை இன்னும் வெறிச்சோடுகிறது. உடன்பிறந்தவரோ பழைய நண்பரோ, ஒருவரிடமாவது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

தமிழர் நிறைந்த இடம் என்பதால் மட்டும் துணை கிடைத்துவிடாது. பேருந்தில் தமிழ் கேட்கும், ஆனால் உங்களை விசாரிக்க ஆள் இராது. உங்களைக் கனடாவுக்கு அழைத்த உறவினரும் இரண்டு வேலை செய்பவராக இருக்கலாம். அவர் வராததைப் புறக்கணிப்பாகக் கொள்ளாதீர்கள். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே இடத்தில், அதே முகங்களைக் காணும் பழக்கமே மெல்ல மெல்ல அறிமுகமாகிறது. நிரந்தர வதிவிட உரிமை பெற்றோருக்கும் அகதி நிலை ஏற்கப்பட்டோருக்கும் கட்டணமின்றி நடக்கும் லிங்க் ஆங்கில வகுப்பு, மொழியைவிட இதற்கே பெரிதும் உதவும் என்பது என் கருத்து. அந்த வகுப்பில் சேர முடியாத, மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு நகர நூலகம் உண்டு: 100 கிளைகள், இலவச அட்டை, தமிழ் நூல்களும் உள்ளன.

உறக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் குன்றியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். எங்கே உதவி பெறலாம் என்பதை 211 என்ற தொலைபேசி இலக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தமிழிலேயே கேட்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் 988 ஐ உடனே அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.