கன்னியர் மடத்து வரலாறு எழுதப் போகிறீர்களா?

பள்ளிக்கூட மலருக்கோ பங்கின் விழா மலருக்கோ கன்னியர் சபை ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னால் ஸ்தாபகர் படம், நாலைந்து வருடங்கள், மதர்மாரின் பட்டியல் என்று முடித்துவிடுகிறோம். அந்தச் சகோதரிகள் எதற்காக யாழ்ப்பாணம் வந்தார்கள் என்பது அதில் இருக்காது. முதலில் அதைத் தேடுங்கள்.

திருக்குடும்பக் கன்னியரையே பாருங்கள். 1820 இல் பிரான்சின் போர்தோ நகரில் நோவாய் அடிகள் தொடங்கிய சபை, இங்கே வந்தது 1862 இல். இடையில் நடந்ததுதான் முக்கியம், அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 1847 இலிருந்தே அமலமரித் தியாகிகள் என்ற ஆண் துறவியர் சபையினர் இலங்கையில் இருந்தார்கள். 1858 இல் அவர்களின் ஸ்தாபகர் மசெனோட் ஆண்டகையும் நோவாய் அடிகளும் இரண்டு சபைகளையும் உடன்பாட்டால் இணைத்தார்கள். அந்த உறவு இருந்ததால்தான் யாழ்ப்பாணத்தில் அதே தியாகிகள் சபையைச் சேர்ந்த ஆயர் செமேரியாவுக்குச் சகோதரிகள் கிடைத்தார்கள். மசெனோட் ஆண்டகை, நோவாய் அடிகள் இருவருமே 1861 இல் இறந்துவிட்டார்கள், யாழ்ப்பாணத்து மடத்தைப் பார்க்க இருவருக்கும் கொடுத்துவைக்கவில்லை.

சபையின் பணி என்றதும் பள்ளிக்கூடத்தோடு நிற்காதீர்கள். நோவாய் அடிகள் தொடங்கிய திருக்குடும்பச் சபையில் படிப்பிப்பவர்களும் நோயாளரைப் பராமரிப்பவர்களும் தியான வாழ்வு வாழ்பவர்களும் பொதுநிலையினரும் உண்டு. 'இறைவன் மட்டுமே' என்ற அவருடைய வாக்கை வைத்துப் பார்த்தால்தான் இத்தனை கிளைகளும் ஏன் என்று விளங்கும்.

அப்புறம், வயதான சிஸ்டர்மாரிடம் போங்கள். சபையின் மாகாணத் தலைவியிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போவது நல்லது. "உங்கள் சேவை எப்படி?" என்று கேட்டால் ஒன்றும் வராது, தாழ்மையாக ஒரு வரி சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார்கள். முதலில் எந்த மடத்துக்கு அனுப்பினார்கள், போடிங்கில் காலையில் எத்தனை மணிக்கு மணி அடிக்கும், 1995 இடப்பெயர்வில் எங்கே போனீர்கள் என்று கேளுங்கள், கதை தானாக வரும். அங்கே படித்த சைவப் பிள்ளைகளை, இப்போது அம்மம்மாமாராக இருப்பவர்களை, கட்டாயம் சேருங்கள். சபைக்கு வெளியே இருந்து பார்த்தவர்களின் சாட்சியம் மடத்துப் பதிவேட்டில் கிடைக்காது.

எழுத்துச் சான்றுக்கு மடத்தின் நாட்குறிப்பைக் கேட்டுப் பாருங்கள். 1981 இல் யாழ் நூலகம் எரிந்தது, பிறகு போரும் இடப்பெயர்வுகளும். ஆகவே ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கும் என்று நம்பாமல், 1876 இல் தொடங்கிய பாதுகாவலன் என்ற கத்தோலிக்கப் பத்திரிகையின் பழைய இதழ்களையும் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் உள்ள பழைய மலர்களையும் தேடுங்கள். ஒரு தேதி இரண்டு இடத்தில் ஒத்துவராவிட்டால் இரண்டையும், எங்கே கிடைத்தது என்பதோடு, எழுதிவிடுங்கள்.

அச்சுக்குக் கொடுக்க முதல் பேட்டி தந்த சிஸ்டரிடம் ஒருக்கா வாசித்துக் காட்டுங்கள்.